பாரம் இறங்கின பிறகும் பாதை இருக்கிறது
வாலிபர் ஐக்கியங்களை நடத்தும் தம்பி தங்கைமாருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமான தம்பிமாரே, தங்கைமாரே,



கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் உங்களுக்கு ஓய்வே கிடையாது. வாலிபர் முகாம், உயிர்மீட்சிக் கூட்டம், கன்வென்ஷன் என்று பந்தல்காரரிடமும் ஒலிபெருக்கிக்காரரிடமும் ஓடிக்கொண்டிருப்பீர்கள். இந்தக் கூட்டங்களில் தேவசெய்திக்கு முன்னால் ‘விசேஷ சாட்சி’ என்று ஒன்று வைக்கிறீர்கள் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நம் மேடைச் சாட்சிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முக்கால்வாசி நேரம் பழைய வாழ்க்கை: குடி, சிகரெட், சினிமா, அடிதடி, சாகப் போன கதை. அப்புறம் ஒரு தேதி, ஒரு கூட்டம், ஒரு வசனம், கண்ணீர். கடைசி இரண்டு நிமிடத்தில் ‘அன்றிலிருந்து என் வாழ்க்கையில் சமாதானம்தான்’ என்று முடியும். சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. தேவன் ஒரே இரவில் ஒருவனைத் திருப்ப வல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. அந்தக் கதை எங்கே முடிகிறது என்பதில்தான் எனக்குக் கவலை.

கீழே உட்கார்ந்து கேட்கிற பையனை நினைத்துப் பாருங்கள். போன வருஷம் இதே மாதிரி ஒரு கூட்டத்தில் கை தூக்கியவன், முன்னால் வந்து முழங்காலில் நின்று அழுதவன். ஊருக்குத் திரும்பிச் சில வாரத்தில் பழைய கோபம் வந்தது, பழைய ஆசை வந்தது, ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. மேடையில் இருப்பவருக்கோ அன்றிலிருந்து சமாதானமாம். ‘அப்படியென்றால் எனக்கு நடந்தது உண்மையே இல்லை போல’ என்று அவன் முடிவு கட்டுகிறான். இந்த வருஷமும் கை தூக்குவான். இன்னும் சில வருஷம் போனால் கூட்டத்துக்கே வரமாட்டான். ‘பின்மாற்றக்காரன்’ என்று நாமும் ஒரு பெயரை வைத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குத் துண்டறிக்கை அடிக்கப் போய்விடுவோம்.

பாவத்திலிருந்து இரட்சிப்புக்குப் போகிற வழியை எழுத்தில் வடித்த பெரியவர்கள் ஒருவரும் கதையை அந்தத் தேதியோடு முடிக்கவில்லை. அதை எடுத்துச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ உங்களுக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் படமாகவாவது பார்த்திருப்பீர்கள். கந்தல் உடுத்தி, கையில் புத்தகமும் முதுகில் பெரிய மூட்டையுமாக நாச நகரத்தை விட்டு ஓடுகிற கிறிஸ்தியான் என்ற மனிதன். சிலுவையடியில் வந்து நின்றதும் மூட்டை தானாகக் கட்டவிழ்ந்து, கீழே உருண்டு, கல்லறையின் வாய்க்குள் விழுந்து மறைகிறது. அவன் அவிழ்க்கவில்லை, யாரும் வந்து இறக்கிவிடவும் இல்லை. கிருபை என்பதை இதைவிடத் தெளிவாகக் கதையில் காட்ட முடியாது. ஆனால் அந்தக் காட்சி புத்தகத்தில் எங்கே வருகிறது என்று பாருங்கள். முதல் பாகத்தில் ஏறக்குறைய கால்பங்கு கடக்கும்போதே வந்துவிடுகிறது. மிச்சம் முக்கால்பங்கும் பாரம் இறங்கின மனிதனின் பயணம்தான்.

மேட்டில் ஏறுகிறவன் பாதிவழியில் உட்கார்ந்து தூங்கிப்போகிறான். தேவதூதர் கொடுத்த சுருளை அங்கே நழுவவிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்து தேடி எடுக்கிறான். அப்பொல்லியோனோடு சண்டை, மரண இருளின் பள்ளத்தாக்கு, மாயாபுரிச் சந்தையில் கூட வந்த நண்பன் உத்தமனைக் கண்ணெதிரே எரித்துக் கொல்கிற கொடுமை, எல்லாமே சிலுவைக்கு அப்புறம்தான். நம் மேடையில் பனியனைச் சாட்சி சொல்ல விட்டால் மூட்டை விழுந்ததுமே மணியடித்து உட்கார வைத்துவிடுவோம்.

இதை எழுதியவர் ஏட்டறிவால் எழுதவில்லை. 1628இல் இங்கிலாந்தில் பெட்ஃபர்டுக்கு அருகே எல்ஸ்டோ என்ற கிராமத்தில் பிறந்தவர். பாத்திரம் அடைக்கிற தொழில். தன் ஆத்தும வரலாற்றை 1666இல் தனி நூலாகவே எழுதினார். அதில் வருகிற ஒரு காட்சி: ஓய்வுநாளில் ஊர் மைதானத்தில் நம் கிட்டிப்புள் போன்ற ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறார். புள்ளை ஒருதரம் அடித்துவிட்டு மறுபடி அடிக்கக் கோலை ஓங்கும்போது, பாவத்தை விட்டுவிட்டுப் பரலோகம் போகிறாயா, பாவத்தோடு நரகம் போகிறாயா என்று வானத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. நம் சாட்சியாக இருந்தால் கோலைக் கீழே போட்டு முழங்காலில் விழுந்திருப்பார். பனியன் அப்படி எழுதவில்லை. இனி நமக்கு மன்னிப்புக் கிடையாது, எப்படியும் நரகம்தான், ஆசை தீரப் பாவம் செய்துவிட்டே போவோம் என்று நினைத்து ஆட்டத்தைத் தொடர்ந்ததாக எழுதுகிறார்.

பிறகு பெட்ஃபர்டு தெருவில், வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டு மூன்று நான்கு ஏழைப் பெண்கள் மறுபிறப்பைப் பற்றிப் பேசுவது அவர் காதில் விழுகிறது. அவருக்குள் வழி திறந்தது அந்தத் திண்ணைப் பேச்சில்தான். ஆனால் திறந்த வழியும் நேராகப் போகவில்லை. ஏசா சேஷ்டபுத்திரபாகத்தை விற்றதுபோல நானும் கிறிஸ்துவை விற்றுவிட்டேனோ என்ற பயம் அவரை ஆண்டுக்கணக்கில் ஆட்டிவைத்தது. ஒரு வசனம் தூக்கிவிடும், மறுநாளே இன்னொரு வசனம் கீழே தள்ளும். நூலை முடிக்கிற இடத்திலாவது ஜெயகீதம் பாடுகிறாரா என்றால் அதுவும் இல்லை. இன்றுவரை என் இருதயத்தில் இருக்கிற அருவருப்புகள் இவை என்று ஏழு காரியங்களை எண்ணிச் சொல்கிறார். அவிசுவாசத்துக்குச் சாய்வது அதில் முதலாவது. அந்தச் சமயத்தில் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? பெட்ஃபர்டு சிறையில். அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 1660 நவம்பரில் பிடித்துப் போட்டார்கள். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை கொடுத்திருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். கொடுக்கவில்லை. பார்வையில்லாத மூத்த மகளை நினைத்து உருகிக்கொண்டு, குடும்பத்துக்காகக் கயிற்று நாடாக்களுக்கு முனை கட்டி விற்றுக்கொண்டு, 1672 வரை உள்ளேயே இருந்தார். சந்தேகம் தன்னை விடவில்லை என்று ஒப்புக்கொண்ட அதே மனிதன்தான் விசுவாசத்துக்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்தான். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும் என்பதை உங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மோட்சப் பிரயாணத்தில் ஒரு பகுதியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பாதை கரடுமுரடாகிறது, கால் வலிக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் புல்வெளியில் மெத்தென்று ஒரு வழி தெரிகிறது. ஏறித் தாண்டிப் போகலாம் என்று யோசனை சொல்கிறவன் அனுபவசாலியான கிறிஸ்தியான். தயங்குகிறவன் புதிதாக வந்து சேர்ந்த நம்பிக்கை என்கிற இளையவன். இரவில் மழையும் வெள்ளமும் வருகிறது, திரும்ப முடியவில்லை, களைத்துத் தூங்கிவிடுகிறார்கள். விடிந்ததும் அவநம்பிக்கை என்கிற இராட்சதன் இருவரையும் பிடித்துச் சந்தேகக் கோட்டையின் நிலவறையில் அடைக்கிறான். புதன் காலையிலிருந்து சனி இரவுவரை சோறில்லை, தண்ணீரில்லை, வெளிச்சமில்லை. தடியால் அடிக்கிறான், கத்தியோ கயிறோ விஷமோ எதையாவது எடுத்து உங்கள் கதையை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்கிறான். அதற்கு மனம் சாய்கிறவனும் கிறிஸ்தியான்தான். ‘வேண்டாம் அண்ணா, முன்னே எதையெல்லாம் கடந்து வந்தாய் என்று நினைத்துப் பார்’ என்கிற விதமாகப் பேசி அவனைப் பிடித்து நிறுத்துகிறவன் இளையவன். சனிக்கிழமை நடுராத்திரியில் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியப் போகும் நேரத்தில், ‘வாக்குத்தத்தம்’ என்கிற சாவி இத்தனை நாளும் தன் மடியிலேயே இருந்தது கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது. உள் கதவுகள் எளிதில் திறக்கின்றன. வெளி இரும்புக் கதவு மட்டும் மகா கடினமாக இருந்தது என்று பனியன் மறக்காமல் எழுதுகிறார். சாவி சரியானதுதான், திறக்கக் கஷ்டமாகவும் இருந்தது.

தப்பித்து வந்த இருவரும் உடனே நடையைக் கட்டிவிடவில்லை. வேலி தாண்டின அதே இடத்துக்கு வந்து ஒரு தூண் நாட்டுகிறார்கள். இதற்கு அப்பால் போனால் சந்தேகக் கோட்டை, அதை ஆளுகிறவன் இன்னான் என்று அதில் எழுதிவைக்கிறார்கள். பின்னால் வந்த எத்தனையோ பேர் அதைப் படித்துத் தப்பினார்களாம். தம்பிமாரே, சாட்சிக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. நான் எங்கே வழி தவறினேன், அந்த இடம் பார்வைக்கு எப்படி இருந்தது, எப்படி வெளியே வந்தேன் என்று பின்னால் வருகிறவனுக்காக எழுதிவைப்பது. கேட்கிறவன் சொல்கிறவரை வியந்து பார்த்துவிட்டுப் போவதற்கு அல்ல.

வியப்பைத் தேடும் சாட்சியில் ஆபத்தும் உண்டு. பனியனின் பாதையிலேயே வாயாடி ஒருவன் வருகிறான். பாவம், மனந்திரும்புதல், மறுபிறப்பு எதைக் கேட்டாலும் மணிக்கணக்காகப் பேசுவான். கூட வருகிற உத்தமனே கொஞ்ச நேரம் மயங்கிப்போகிறான். அவன் வீட்டில் எப்படி என்று தெரிந்த கிறிஸ்தியான்தான், வெளியே பரிசுத்தவான், வீட்டில் பிசாசு என்கிற மாதிரி அவனைப் பற்றி ஊரார் பேசுவதை எடுத்துச் சொல்கிறான். மனந்திரும்பி மாதம் முடியுமுன் ஒரு பையனை மேடை ஏற்றி, ஊர் ஊராக அழைத்துப் போய், அதே கதையை இருபது தரம் சொல்லவைத்தால் நாமே ஒரு வாயாடியைத் தயார் பண்ணுகிறோம். எந்த வரியில் கூட்டம் அழும் என்பது மூன்றாவது ஊரிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும்.

இந்த ஆபத்தைப் பனியனுக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே பார்த்தவர் அகஸ்டின். அவருடைய ‘பாவ அறிக்கை’ பதின்மூன்று புத்தகங்கள் கொண்டது. மிலான் தோட்டத்தில் அழுது மனந்திரும்பின சம்பவம், 386இல் நடந்தது, எட்டாம் புத்தகத்திலேயே முடிந்துவிடுகிறது. எழுதும்போது அவர் ஹிப்போ சபையின் அத்தியட்சர். பத்தாம் புத்தகத்தில், இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்று தன்னையே சோதித்துப் பார்க்கிறார். சாப்பாட்டில் தேவை எங்கே முடிந்து ருசி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை என்கிறார். சங்கீதம் பாடும்போது பொருளைவிட ராகம் என்னை இழுக்கிறதே என்கிறார். வீட்டில் உட்கார்ந்திருக்கையில் ஒரு பல்லி ஈயைப் பிடிப்பதைப் பார்த்தாலும் தியானம் கலைந்துவிடுகிறது என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, மனுஷர் புகழும்போது மனம் இனிக்கிறதே, இதை எப்படி வெல்வேன் என்று தேவனிடமே கேட்கிறார். வாலிப வயதின் காமத்தை எழுத எடுத்துக்கொண்ட அதே கவனத்தோடு ஓர் அத்தியட்சர் தன் இன்றைய புகழ்ப் பசியை எழுதுகிறார். நேற்றைய பாவத்தைச் சொல்ல நம்மிடம் ஆட்கள் நிறைய உண்டு. இன்றைய பாவத்தைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இதைவிடக் கசப்பான இன்னொரு கதை இருக்கிறது. ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டை எழுதிய ஜான் நியூட்டனைப் பற்றிப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அடிமை வியாபாரி, புயலில் சிக்கினார், ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டார், அடிமை வியாபாரத்தை விட்டார், பாட்டு எழுதினார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். நடந்தது அப்படியல்ல. புயல் வந்தது 1748 மார்ச்சில். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குத் தலைவரானார். மூன்று பயணம் போனார். ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அதே கப்பலின் அடித்தட்டில் ஆப்பிரிக்க மக்கள் விலங்கு பூட்டிக் கிடந்தார்கள். 1754இல் அவர் கடலை விட்டதும் உடல்நலம் கெட்டதால்தான், மனசாட்சி குத்தியதால் அல்ல. 1764இல் குருவானவரானார். 1773 புத்தாண்டு ஆராதனைக்கு அந்தப் பாட்டு வந்தது. அடிமை வியாபாரத்தை எதிர்த்து, அதில் தன் பங்கையும் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு அவர் நூல் வெளியிட்டது 1788இல். புயலுக்கும் அந்த அறிக்கைக்கும் இடையே நாற்பது வருஷம்.

அவர் மனந்திரும்பினது பொய்யா? இல்லை. தூஷண வார்த்தை, ஒழுக்கக்கேடு என்று அவர் காலத்துச் சபை எதையெல்லாம் பாவம் என்று சொல்லிக்கொடுத்ததோ அதையெல்லாம் விட்டார். அடிமை வியாபாரத்தை அப்போது சபை பாவப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதனால் அவர் கண்ணிலும் அது படவில்லை. இப்போது நம் பட்டியலைப் பாருங்கள். சினிமா இருக்கிறது, சிகரெட் இருக்கிறது. சாதி பார்த்துச் சம்பந்தம் செய்வது இருக்கிறதா? நகையும் ரொக்கமும் பேசிப் பெண் எடுப்பது இருக்கிறதா? சபைத் தேர்தலில் சாதிக்கட்டு கட்டி ஓட்டு வாங்குவது? ‘நான் இரட்சிக்கப்பட்ட பிறகும் பத்து வருஷம் சாதி பார்த்தேன், பிறகு கர்த்தர் அதை உணர்த்தினார்’ என்று ஒரு மூப்பர் மேடையில் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? அப்படி ஒரு சாட்சி ஒரு சபையை அசைத்துவிடும். பயந்துகொண்டுதான் நாம் அதைக் கேட்பதில்லை.

சொல்ல ஒரு பெரிய கதையும் இல்லாத பிள்ளைகளும் உங்களிடம் இருக்கிறார்கள். தொட்டிலிலிருந்தே கீர்த்தனை கேட்டு வளர்ந்தவர்கள், குடித்ததும் இல்லை, ஓடிப்போனதும் இல்லை. சாட்சி சொல்லக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். கதை வேண்டுமே என்று இல்லாத பாவத்தைக் கூட்டிச் சொல்கிறவர்களும் உண்டு. இவர்களுக்காகவே எழுதினதுபோல இருக்கிறது 1684இல் வந்த மோட்சப் பிரயாணத்தின் இரண்டாம் பாகம். கிறிஸ்தியானின் மனைவி நான்கு பிள்ளைகளோடு அதே வழியில் புறப்படுகிறாள். ஒரே ஓட்டமாக ஓடுகிற வீரன் இங்கே இல்லை, கூட்டமாகப் போகிறார்கள். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவன் வருகிறான், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் வருகிறாள், மனபலம் இல்லாதவன் வருகிறான். அவர்களை விட்டுவிட்டு வேகமாகப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை; பலவீனரின் நடைக்குத் தக்கபடி வழிகாட்டி நடக்கிறான். முதல் பாகத்தில் கடைசி ஆற்றில் இறங்கினபோது அத்தனை யுத்தம் பண்ணின கிறிஸ்தியானே பயத்தில் மூழ்கப் போனான். இரண்டாம் பாகத்திலோ மகா பயங்காளியான ஒரு பெண் பாடிக்கொண்டே ஆற்றைக் கடக்கிறாள்.

இதெல்லாம் சீமைக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். பனியனைத் தமிழில் உரைநடையாகத் தந்தார் சாமுவேல் பவுல் ஐயர். காவியமாகவே தந்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827இல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். ‘இரட்சணிய யாத்திரிகம்’ நூலாக வந்தது 1894இல். முப்பத்தாறு வருஷம் கிறிஸ்தவனாக நடந்த கால் எழுதின நூல் அது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள், கம்பனில் தோய்ந்த நடை, பனியனில் இல்லாத விரிவோடு ஆண்டவரின் பாடுகள், நடுநடுவே ‘தேவாரம்’ என்ற பெயரில் உருக்கமான இசைப்பாடல்கள். ஐந்து பருவங்களாக அமைத்தவர் கடைசிப் பருவத்துக்குத்தான் இரட்சணிய பருவம் என்று பெயர் வைத்தார். அதற்கு முந்தினது ஆரணிய பருவம். காட்டைக் கடக்காமல் அவர் யாத்திரிகனை வீடு சேர்க்கவில்லை. தமிழ் எம்.ஏ. மாணவர்கள் தேர்வுக்காகவாவது அவரைப் படிக்கிறார்கள். அவர் யாருக்காக எழுதினாரோ அந்தச் சபையின் பிள்ளைகளுக்குப் பெயர்கூடத் தெரியவில்லை.

ஆகவே உங்களிடம் சில காரியங்களைக் கேட்கிறேன். மனந்திரும்பி ஒரு வருஷமாவது ஆகாதவனை மேடையில் ஏற்றாதீர்கள். அவனை ஏதாவது ஒரு வீட்டு ஜெபக்குழுவில் உட்காரவையுங்கள், பனியன் அந்தப் பெண்களின் பேச்சைக் கேட்டதுபோல. இருபது முப்பது வருஷம் விசுவாசத்தில் இருக்கிற ஒருவரை அழைத்து, இரட்சிக்கப்பட்ட பிறகு எங்கே சறுக்கினீர்கள், யார் பிடித்து நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். கணவன் செத்தபோது ஜெபிக்கவே முடியாமல் கிடந்து, பிறகு மெல்ல எழுந்த அம்மாவைப் பேசச் சொல்லுங்கள். ஏமாற்றிய பணத்தைத் திருப்பிக் கொடுத்த வியாபாரியைத் தேடிப் பிடியுங்கள். சகேயு அழுததாக வேதம் சொல்லவில்லை, நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். சாதி, வரதட்சணை, லஞ்சம் இவற்றை விட்டு மனந்திரும்பினவர்களுக்கு மேடையில் இடம் கொடுங்கள். யாரும் கிடைக்கவில்லை என்றால் அந்த நேரத்தில் அதற்காக ஜெபம் பண்ணுங்கள். அதுவும் ஒரு சாட்சிதான்.

கடைசியாக, இந்த வருஷ முகாமில் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மோட்சப் பிரயாணத்தைச் சத்தமாக வாசிக்க வையுங்கள். ஆளுக்கு இரண்டு பக்கமாகப் பிள்ளைகளே வாசிக்கட்டும். ‘நீ இப்போது எந்த இடத்தில் நிற்கிறாய்’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும். சேற்றில் நிற்பவனும் சொல்லட்டும், கோட்டைக்குள் அடைபட்டுக் கிடப்பவளும் சொல்லட்டும். மாலையில் பாட்டுக்காரத் தம்பிகள் கிருஷ்ணபிள்ளையின் தேவாரத்தில் ஒன்றை எடுத்து மெட்டமைத்துப் பாடட்டும். பிரதிகள் வாங்கப் பணம் எங்கே என்று கேட்காதீர்கள். ஒலிபெருக்கியில் இரண்டு பெட்டியைக் குறைத்தால் போதும். ஊராரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஆண்டவருக்குள் உங்கள் அன்பான,
பழைய ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவர்